பட்டாளத்தில் கால் போனவர் வீடு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் சிப்பாயாக இருந்தவர். இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனார். 1989 தொடக்கத்தில் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு காட்டுப் பாதையில் மிதிவெடியை மிதித்ததில், இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நாங்கள் வேலூர்க்காரர்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடு இருக்கும். அதனால் காஷ்மீரில் அடிபட்டு வரும் பையன்களின் வீட்டார் கூட அப்பாவைத் தேடி வந்து கேட்பார்கள். சொந்தக்காரர்களும் கேட்பார்கள், சில கேள்விகளைச் சுற்றி வளைத்து. முப்பது வருஷமாகக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அமைதிப்படை என்றால் எது? அவர் ஏன் அங்கே போனார்?

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனேவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். போராளிகளிடம் ஆயுதத்தை வாங்கி வைத்து அமைதியைக் காப்பதுதான் படையின் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள். அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு நேரடிச் சண்டையாகிவிட்டது. கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24-ல் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,200 பேர். காயம்பட்டவர்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்பா ஏன் போனார் என்றால், பட்டாலியன் போனது, அவரும் போனார். சிப்பாயிடம் வேறு பதில் இருக்காது.

அப்படியானால் தமிழர் தமிழரையே சுட்டாரா?

கல்யாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது கூட ஒருவர் இதைக் கேட்டிருக்கிறார். கேட்கக் கூடாத கேள்வி என்று நான் நினைக்கவில்லை. இடம்தான் தப்பு.

அப்பாவுக்குத் தமிழ் தெரியும் என்பதால் வீடு வீடாகச் சோதனை போடும்போது அவரை முன்னால் நிறுத்துவார்கள். வடநாட்டு ஆபீசர் இந்தியில் சொல்வதை அவர் தமிழில் சொல்ல வேண்டும். வவுனியாவுக்கு வடக்கே ஒரு வீட்டில் ஒரு அம்மா கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "தமிழ்ப் பிள்ளைதானே நீ, இஞ்ச என்ன செய்யிறாய்?" என்று கேட்டாராம். அப்பா அந்தச் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பதில் சொல்லவில்லை. இதை எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார்.

அந்தப் படை அங்கே செய்ததெல்லாம் சரி என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் இந்தியச் சிப்பாய்களால் கொல்லப்பட்டார்கள். அப்பா அங்கே போனது அதற்கு மறு வருஷம். ஆனாலும் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் "நான் அப்போ இல்லையே" என்று தப்பித்துக்கொள்ள மாட்டார். எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

இன்னொரு பக்கமும் உண்டு. படை திரும்பி வந்தபோது தமிழ்நாட்டில் வரவேற்பு கிடையாது. முதலமைச்சராக இருந்த கருணாநிதி, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்று போகவில்லை. அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். ஆனால் அந்த வருஷம் ஊன்றுகோலோடு பஸ்ஸில் ஏறிய அப்பாவிடம் கண்டக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டதற்கு அவர் "லாரி ஆக்சிடெண்ட்" என்றாராம். பல வருஷம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 1999-ல் கார்கில் சண்டை வந்து, தெருமுனையில் வீரர்களுக்கு பேனர் கட்டிய பிறகுதான் "பட்டாளத்துல போச்சு" என்று சொல்லத் தொடங்கினார். எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கண்ணிவெடியா, மிதிவெடியா?

நம் பக்கம் எல்லாவற்றையும் கண்ணிவெடி என்றுவிடுவோம். அங்கே வண்டியைத் தூக்குவது கண்ணிவெடி, காலால் மிதித்து வெடிப்பது மிதிவெடி. அப்பா அந்தச் சொல்லை அங்கேதான் கற்றார். மிதிவெடி ஆளைக் கொல்வதற்கென்றே வைப்பதில்லை. ஒருவன் கால் போனால் அவனைத் தூக்க இன்னும் இரண்டு மூன்று பேர் வேண்டும், மொத்த அணியும் நின்றுவிடும். அதுதான் அதன் கணக்கு.

அடிபட்டவுடன் என்ன செய்தார்கள்?

ஹெலிகாப்டரில் தூக்கிப்போய், பிறகு விமானத்தில் சென்னை, அங்கிருந்து பெங்களூர் கமாண்ட் ஹாஸ்பிட்டல். அங்கே புண்ணைச் சுத்தம் செய்து, எலும்பை இன்னும் கொஞ்சம் மேலே வெட்டி, சதையை மடித்துத் தைத்தார்கள். வெடித்த இடத்தில் மண், பூட்ஸ் துணி, ரப்பர் எல்லாம் சதைக்குள் ஏறியிருக்கும். அதனால் போனது பாதம்தான் என்றாலும் வெட்டு மேலே வந்துவிடும். "பாதம்தானே போச்சு, ஏன் இவ்வளவு வெட்டினாங்க?" என்று பையன்களின் அம்மாக்கள் அழுவார்கள். காரணம் இதுதான். அந்த மண்ணை உள்ளே விட்டால் அழுகல் ஏறி முழங்காலையும் கொண்டுபோய்விடும்.

காயம் ஆறியதும் புனேயில் உள்ள செயற்கை உறுப்பு மையம். இரண்டாம் உலகப் போரில் கை கால் இழந்து வந்தவர்களுக்காக 1944-ல் தொடங்கிய இடம். அங்கே போனதுதான் தனக்கு நல்லது செய்தது என்பார் அப்பா. "வார்டுல ரெண்டு கால் உள்ளவன்தான் வித்தியாசமா தெரிவான்."

பொய்க்கால் போட்டுவிட்டால் சாதாரணமாக நடக்கலாம்தானே?

நடக்கலாம். அந்த நடைக்குப் பின்னால் வீட்டில் தினமும் நடப்பதைச் சொல்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருப்பதை ஆஸ்பத்திரியில் ஸ்டம்ப் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு "குட்டிக்கால்" என்று பெயர். நான் மூன்று வயதில் வைத்த பெயராம். காலையில் குட்டிக்காலுக்குச் சாக்ஸ் போட்டு, சுருக்கம் விழாமல் இழுத்து விட்டு, அதன் மேல் பொய்க்காலின் குழியை மாட்ட வேண்டும். ஒரு சின்ன மடிப்பு இருந்தாலும் மத்தியானத்துக்குள் கொப்புளம் வந்துவிடும். குட்டிக்கால் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. சாயங்காலம் ஆக ஆகச் சுருங்கும். அப்போது பொய்க்கால் லொடலொடவென்று ஆடும். அதனால் அப்பா பையில் எப்போதும் இன்னொரு சாக்ஸ் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாக உட்கார்ந்து அதை மேலே போட்டுக்கொள்வார்.

வேலூர் வெயிலைக் கேட்க வேண்டுமா? சித்திரையில் குழிக்குள் வியர்வை தேங்கிச் சதை வெந்துவிடும். ராத்திரி கழற்றியதும் அம்மா பழைய கைக்கண்ணாடி ஒன்றை அடியில் பிடித்துக் காட்டுவார். அப்பா குனிந்து சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். சிவப்பு அரை மணியில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் மறுநாள் பொய்க்கால் கிடையாது, ஊன்றுகோல்தான். பிறகு அம்மா அன்றைய சாக்ஸைத் துவைத்துக் கொடியில் போடுவார். எங்கள் வீட்டுக் கொடியில் எப்போதும் மூன்று வெள்ளை சாக்ஸ் தொங்கும். ஜோடி இல்லாத மூன்று.

செருப்பு விஷயம் யாருக்கும் தெரிவதில்லை. "ஒரு செருப்பு மிச்சம்தானே?" என்று சிரிப்பார்கள். பொய்ப்பாதத்துக்கும் செருப்பு வேண்டும். அதுவும் அதே உயரக் குதிகால் வேண்டும். புனேயில் கொடுத்த முதல் கால் ஷூ போட்டு நடப்பதற்காகச் சாய்வு வைத்தது. வெறுங்காலோடு நின்றால் உடம்பு பின்னால் தள்ளும். நம் வீட்டுக்குள் யார் ஷூ போடுகிறார்கள்? ஒரு கோவில் வாசலில், செருப்பைக் கழற்று என்று சொன்னவரிடம் அப்பா வேட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டு, உள்ளே போகாமலே திரும்பி வந்துவிட்டார். பிறகு ஜெய்ப்பூர் கால் வாங்கினார். 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து செய்தது. ரப்பர் பாதம். வெறுங்காலோடு நடக்கலாம், சம்மணம் போடலாம், சேற்றில் இறங்கலாம். அப்பா விசேஷங்களுக்கு "பூனா கால்", வீட்டுக்கும் கொல்லைக்கும் "ஜெய்ப்பூர் கால்" என்று வைத்திருக்கிறார். அதே ஜெய்ப்பூர் காலைச் செய்துகொடுக்கும் மையம் ஒன்று 1987-ல் யாழ்ப்பாணத்திலும் தொடங்கியது. இதை நான் சொன்னபோது அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவங்களுக்கும் சம்மணம் போடணுமே" என்றார்.

இல்லாத கால் வலிக்கும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். மழைக்காலத்தில் அப்பாவுக்கு இல்லாத இடது கட்டைவிரல் இழுக்கும். மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருப்பதால் வருவது. "மனசுல நினைச்சுக்கிறார்" என்று சொல்லாதீர்கள், அவருக்கு அது வலிதான். இதற்குக் கண்ணாடியை வைத்து ஒரு வழி கண்டவர் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். இரண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை அதில் பார்த்துக்கொண்டே அசைக்க வேண்டும். இல்லாத கால் அசைவதுபோல் தெரியும், இறுக்கம் விடும். கால் இழந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள், பலன் இருந்தது. நாங்கள் பீரோ கண்ணாடியைக் கழற்றிச் செய்து பார்த்தோம். அப்பாவுக்குக் கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது.

வலியைவிட மோசமானது ஒன்று உண்டு. தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிறது என்று நினைத்து எழுந்து நடந்துவிடுவது. அப்பா அப்படி மூன்று முறை விழுந்திருக்கிறார், ஒரு முறை மணிக்கட்டு முறிந்தது. கட்டிலைக் கால் போன பக்கம் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கிற காலைத்தான் முதலில் கீழே வைக்க முடியும் என்று ஆகிவிட்டால் பாதி விழுதல் நின்றுவிடும்.

தீபாவளி வெடிச்சத்தத்துக்குப் பயப்படுவாரா?

மாட்டார். சரவெடி கொளுத்திக் கொடுப்பார். அவர் பயப்படுவது புதிதாகத் தோண்டி மூடிய மண்ணைப் பார்த்து. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் போட்டு மண்ணை மூடிய மூன்று மாதமும் அவர் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகத்தான் போய்வந்தார். காரணம் கேட்டால் "சேறு" என்பார். கடற்கரைக்கு வந்ததே இல்லை. நாங்கள் சின்ன வயதில் நிலத்தில் ஓடினால் "வரப்பு மேல போ, வரப்பு மேல போ" என்று கத்துவார். பயிர் மிதிபடும் என்பதற்காகச் சொல்கிறார் என்றே நினைத்தோம். அறுவடை முடிந்த நிலத்திலும் ஏன் அப்படிக் கத்தினார் என்பது எனக்கு இருபது வயதில்தான் உறைத்தது.

உங்கள் வீட்டில் அடிபட்டு வந்தவர் தூங்காமல் இருந்தாலோ, குடி கூடினாலோ, காரணமில்லாமல் கை நீட்டினாலோ ராணுவ ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார், காட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்போது காட்டவில்லை. குடி இருந்தது. அதை அம்மா தனியாகச் சமாளித்தார்.

உங்கள் அம்மா எப்படிச் சம்மதித்தார்?

நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு முன்னால் கால் போனது. அப்பா வீட்டிலிருந்தே ஆள் அனுப்பி, "வேற இடம் பாத்துக்குங்க, குத்தமில்ல" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் அப்பா, எங்கள் தாத்தா, அவரும் பட்டாளத்தில் இருந்தவர். அவர் இரண்டே கேள்வி கேட்டாராம். "பேரு பட்டாள ரோல்ல இருக்கா? பென்ஷன் வருமா?" இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்ததும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கே போய் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து தேதி குறித்துவிட்டார். 1990-ல் கல்யாணம். எல்லாரும் அம்மாவைத் தியாகி ஆக்குவார்கள். அம்மாவைக் கேட்டால், "என்னைய யாரு கேட்டாங்க?" என்பார். அப்புறம் சிரிப்பார். இரண்டுமே உண்மை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கால் போனால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

இல்லை. மெடிக்கல் போர்டு பார்த்துத் தகுதியைக் குறைக்கும். இதைத்தான் பட்டாளத்தில் எல்.எம்.சி. என்பார்கள். உட்கார்ந்து செய்யும் வேலை இருந்தால் வைத்துக்கொள்வார்கள். அப்பா நீலகிரி வெலிங்டனில் ஸ்டோரில் இருந்து, 1997-ல் காலம் முடிந்து வந்தார். முடியாது என்று போர்டு சொன்னால் 'இன்வேலிட்' செய்து அனுப்புவார்கள். எந்த வழியில் வெளியே வருகிறார் என்பது பிற்பாடு பணத்தை மாற்றும். கவனமாக இருங்கள்.

பென்ஷன் எவ்வளவு வரும்?

ரூபாயில் சொல்ல முடியாது, கணக்கைச் சொல்கிறேன். ஊனம் எப்படி வந்தது என்பதை ஏ (A) முதல் இ (E) வரை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார்கள். பணியில் நடந்த சாதாரண விபத்து ஒரு வகை, எதிரியோடு நடந்த சண்டையிலும் மிதிவெடியிலும் வந்தது வேறு வகை. முதலாவதுக்கு ஊன ஓய்வூதியம், இரண்டாவதுக்குப் போர்க்காய ஓய்வூதியம்.

காலம் முடிந்து வந்தவருக்கு, 100 சதவீத ஊனம் என்றால் கடைசிச் சம்பளத்தில் ஊனத்தொகை 30 சதவீதம், போர்க்காயத்தொகை 60 சதவீதம். அதாவது இரண்டு மடங்கு. அப்பாவுக்குப் போர்டு கொடுத்தது 60 சதவீத ஊனம். கடைசிச் சம்பளம் 100 ரூபாய் என்று வையுங்கள். சாதாரண ஊனம் என்றால் 18 ரூபாய், போர்க்காயம் என்றால் 36 ரூபாய். இது சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் வருவது. போர்க்காயத்தால் இன்வேலிட் ஆகி வந்தவருக்கு சம்பளத்தில் 60 சதவீதத்துக்குப் பதில் 100 சதவீதம் என்ற அடிப்படையில் போடுவார்கள்.

பிறகு, ஊன சதவீதத்தை மேலே ஏற்றிக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை இருந்தால் 75, அதற்கு மேல் 100. முதலில் இன்வேலிட் ஆனவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் காலம் முடிந்து வந்தவர்களுக்கும் உண்டு என்றது. அப்பாவின் 60 அப்படித்தான் 75 ஆனது, 36 ரூபாய் 45 ஆனது. தானாக ஆகவில்லை. சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியிருந்தது. பாக்கியும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. முன்னாலேயே போயிருந்தால் என்று இன்றும் அம்மா சொல்வார்.

2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வருபவர்களுக்குப் புது விதிகள். மேலே சொன்ன கணக்கை அப்படியே அவர்களுக்குப் பொருத்தாதீர்கள்.

எந்தெந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. என்கிற பென்ஷன் ஆணை, மெடிக்கல் போர்டு தாள்கள், அடிபட்டபோது எழுதிய காய அறிக்கை. எல்லாவற்றையும்விட, 'பேட்டில் கேஷுவல்டி', அதாவது சண்டையில் அடிபட்டவர், என்று பதிவான பார்ட் டூ ஆர்டரின் (யூனிட்டில் எழுதும் பதிவு ஆணை) நகல். அப்பாவின் ஒரு தாளில் ஒரு கிளார்க் வெறும் 'காயம், இடது கால்' என்று எழுதிவிட்டார். சண்டை என்ற சொல்லே இல்லை. அதைச் சரிசெய்ய ஐந்து வருஷம் கடிதம் போட்டோம். அடிபட்ட பையன் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, யூனிட்டில் பழக்கமான ஒருவரைப் பிடித்து அந்த ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். அழுவதற்கு நடுவில் இதைக் கேட்பது கஷ்டம்தான், ஆனாலும் கேளுங்கள்.

மனைவியின் பெயர் பி.பி.ஓ.விலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்மாவுக்குப் பட்டாளத் தாளில் வீட்டில் கூப்பிடும் பெயர், ரேஷன் கார்டில் பள்ளிக்கூடப் பெயர். அதற்கு ஒரு வருஷம் போனது.

முதுகுத்தண்டில் அடிபட்டு எழுந்திருக்க முடியாதவர்களுக்கு?

1971 போருக்குப் பிறகு புனே அருகே கிர்க்கியில் 1974-ல் தொடங்கிய மறுவாழ்வு மையம் உண்டு, மொஹாலியிலும் ஒன்று. அங்கேயே தங்கியிருப்பவர்கள் இருக்கிறார்கள். 100 சதவீத ஊனம் என்றால் உடனிருந்து பார்ப்பவருக்காகத் தனிப்படி கிடைக்கும். ஏழாவது சம்பளக் கமிஷனில் அது மாதம் 6,750 ரூபாய் ஆனது. வீட்டில் வைத்துப் பார்ப்பதானால் படுக்கைப்புண்தான் முதல் எதிரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்.

கால் இல்லாதவர்கள் பாராலிம்பிக்ஸில் மெடல் வாங்குகிறார்களே?

வாங்குகிறார்கள். 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பேட்கர் 1972-ல் ஹைடல்பெர்க்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார். 2002-ல் காஷ்மீரில் மிதிவெடியில் கால் இழந்த ஹொகாட்டோ செமா 2024-ல் பாரிஸில் குண்டெறிதலில் வெண்கலம் வாங்கினார். 1971-ல் தன் காலைத் தானே குக்ரியால் (கூர்க்கா கத்தி) வெட்டிக்கொண்ட இயான் கார்டோசோ பிறகு பட்டாலியனையும் பிரிகேடையும் நடத்தி, மேஜர் ஜெனரல் ஆனார். அப்பாவுக்கு இவர்கள் எல்லார் மேலும் மரியாதை உண்டு. ஆனால் அவரைப் பார்க்க வருபவர்கள் போனில் அந்த வீடியோவைக் காட்டிவிட்டு, "நீங்களும் ஏதாவது செய்யலாமே" என்பார்கள். காலையில் எழுந்து குட்டிக்காலைத் துடைத்து, இரண்டு மாட்டைக் கறந்து, சைக்கிளில் பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அவர்.

பிள்ளைகளுக்குக் காலேஜில் சலுகை உண்டா?

உண்டு. முன்னுரிமை வரிசையில், போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு அடுத்த இடம் போரில் ஊனமாகி அதனால் வெளியே அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு. அந்த 'வெளியே அனுப்பப்பட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்பா பொய்க்காலோடு எட்டு வருஷம் வேலை செய்து முடித்ததால் எனக்கு அந்த இடம் இல்லை. சாதாரண முன்னாள் படைவீரர் பிள்ளைகள் பட்டியலில்தான் போனேன்.

அவர் காலத்துக்குப் பிறகு அம்மாவுக்கு என்ன கிடைக்கும்?

காயத்தொகை அவரோடு நின்றுவிடும். பல வீடுகளில் இது தெரியாமல் திடுக்கிட்டுப் போகிறார்கள். மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அந்தக் காயமே மரணத்துக்குக் காரணம் என்று நிரூபித்தால் கூடுதலாக உண்டு. அதனால் காயம் சம்பந்தமாக எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் போரில் ஊனமானவர்களுக்குச் சந்தா கிடையாது. சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் வைப்பார்கள், அன்றைக்கு மனுவின் இரண்டு நகலோடு போய், ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்தால் அந்த நாளைப் பற்றி அவரிடம் கேட்கலாமா?

வாருங்கள். சாயங்காலம் வந்தால் பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணையில் இருப்பார். நீங்கள் பார்க்கக் கூடாது என்று மறைக்கமாட்டார், நீங்களும் வேறு பக்கம் பார்க்க வேண்டாம். அந்த நாளைக் கேட்டால் சொல்வாரா என்று சொல்ல முடியாது. மாட்டைப் பற்றிக் கேட்டால் நிச்சயம் சொல்வார். போகும்போது அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். உள்ளே சாக்ஸ் துவைத்துக்கொண்டிருப்பார், தானாக வெளியே வரமாட்டார்.